கேமர் என்று கத்தாத உடை: சட்டை, பொத்தான், பின், கைக்கடிகாரம்

#1 கடைசி_லெவல்

வணக்கம் நண்பர்களே. வீடியோ கேம் சார்ந்த உடை என்று தேடினால் வருவதெல்லாம் மார்பு முழுக்கப் பெயரும் படமும் அச்சடித்த கறுப்பு டி-ஷர்ட்தான். கேட்பது அது இல்லை. அலுவலகத்துக்கு முழுக்கைச் சட்டை, போலோ, விடுமுறைக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு கைக்கடிகாரம். அந்த விளையாட்டை ஆடியவருக்குப் பார்த்ததும் பிடிபட வேண்டும், மற்றவர்களுக்கு அது ஒரு நல்ல சட்டை, அவ்வளவுதான். வாங்குவதானாலும் சரி, செய்துகொள்வதானாலும் சரி. அளவு, துணி, நூல், எங்கே கெட்டுப்போகும் என்று விவரமாக எழுதுங்கள்.

#2 எட்டுபிட்_எழில்

படத்தை விடுங்க ப்ரோ, நிறத்துல இருந்து ஆரம்பிங்க. ஒரு கேம் கருவியோட நிறச் சேர்க்கையே போதும்.

1989-ல வந்த முதல் கேம் பாயை, அதான் நின்டெண்டோவோட கையடக்கக் கருவியை, எடுத்துக்கோங்க. உடம்பு வெளிர் சாம்பல். திரையைச் சுத்தி கரும் சாம்பல் சட்டம், அதுல மெஜந்தா ஒரு கோடு, நீலம் ஒரு கோடு. ஏ, பி பொத்தான் ரெண்டும் கருஞ்சிவப்பு சாயல். இதை அப்படியே ஆளுக்கு மாத்தினா: வெளிர் சாம்பல் சட்டை, கரும் சாம்பல் பேன்ட், நேவி நீல சாக்ஸ், ஒயின் சிவப்புல ஒரே ஒரு பொருள். அது வாட்ச் ஸ்ட்ராப்பா இருக்கலாம், பெல்ட்டா இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தா அதிகம். கருவியையே பாருங்க, அவ்வளவு சாம்பல் பரப்புல சிவப்பு ரெண்டு பொட்டுதான்.

கல்யாணத்துக்குப் போட ஒண்ணு சொல்றேன். 1983-ல வந்த ஃபேமிகாம், அதே நின்டெண்டோவோட வீட்டுக் கருவி, சந்தன நிறமும் அரக்கும். கன்ட்ரோலர் அரக்கு, அது மேல தங்க நிறத் தகடு. அந்த அரக்கு அப்போதைய நின்டெண்டோ தலைவர் யமவுச்சி விரும்பி அணிஞ்ச ஸ்கார்ஃபோட நிறம்னு கருவியை வடிவமைச்ச மசயுகி உவெமுராவே சொல்லியிருக்கார். அதாவது அது ஒரு துணியில இருந்து வந்த நிறம்தான். நம்ம ஊர்ல சந்தனச் சட்டை, அரக்குக் கரையும் மெல்லிய ஜரிகையும் உள்ள வேட்டி எந்தக் கடையிலயும் கிடைக்கும். மூணு நிறமும் அப்படியே வந்துடுது. தப்பு எங்க வரும்னா, சட்டை சுத்த வெள்ளையா இருக்கக் கூடாது. கரை குங்குமச் சிவப்பா இருந்தாலும் அது ஃபேமிகாம் இல்ல.

#3 ஊசிமுனை

எழில் சொன்னது சரி. ஆனால் நிறம் மட்டும் பல பேருக்குப் பிடிபடாமல் போகும். சிறியதாக ஒரு உருவம் இருந்தால் சந்தேகம் இல்லை. அதற்குப் பெருக்கல் குறி போலப் போடும் குறுக்குத் தையலை விடப் பொருத்தமான வேலை கிடையாது. ஒரு பிக்சலுக்கு, அதாவது படத்தின் ஒரு சின்னக் கட்டத்துக்கு, ஒரு தையல்.

தொடங்க ஏற்றது 1978-ல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டின் நண்டு. அதை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ ஆக்டோபஸ், கணவாய், நண்டு ஆகிய கடல் உயிர்களை வைத்து வரைந்தவை அவை. நண்டு 11 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையிலும் வரும் தையல்கள்: 2, 2, 7, 7, 11, 9, 4, 4. மொத்தம் 46. நான்காவது வரிசையில் கண்களுக்கு இரண்டு கட்டம் காலியாக விட வேண்டும். ஆறாவது வரிசையில் இரண்டாம் கட்டமும் பத்தாம் கட்டமும் காலி. அதை மறந்தால் கைகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நண்டு பெட்டியாகிவிடும்.

சட்டைத் துணியில் இழை எண்ணித் தைக்க முடியாது, இழை மிகப் பொடி. அதனால் மேலே தண்ணீரில் கரையும் 14 கவுண்ட் கேன்வாஸை வைத்துத் தைக்கிறோம். 14 கவுண்ட் என்றால் ஒரு அங்குலத்துக்கு 14 தையல். நண்டு 2 செ.மீ. அகலமும் 1.5 செ.மீ.க்குச் சற்றே குறைவான உயரமுமாக வரும். 18 கவுண்ட் கிடைத்தால் அகலம் 1.5 செ.மீ.தான், ஃபார்மல் சட்டைக்கு அது இன்னும் நன்றாக இருக்கும்.

சட்டையை முதலில் ஒருமுறை துவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும், தையல் நூல் அதே அளவு சுருங்காது, பிறகு நண்டைச் சுற்றித் துணி சுருக்கம் விழும். கேன்வாஸில் 5 செ.மீ. சதுரம் வெட்டி, சட்டைத் துணியின் இழைக்கு நேராக வைத்து, ஓரத்தை ஓட்டுத் தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். கோணலாக வைத்தால் பின்னால் திருத்த வழியில்லை.

ஊசி முனை கூர்மையாக இருக்க வேண்டும். குறுக்குத் தையலுக்கென்று விற்கும் மொட்டை முனை ஊசி இங்கே துணியைத் துளைக்காமல் தள்ளும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை மட்டும் பிரித்தெடுங்கள். ஒரு தையலுக்கு முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 9 மி.மீ. நூல் போகும், 46-க்கு 41 செ.மீ. ஆனாலும் 45 செ.மீ. துண்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வால் விட வேண்டுமே. முடிச்சுப் போடாதீர்கள், வெளிர் சட்டையில் முடிச்சு முன்பக்கம் பொட்டாகத் தெரியும். வாலைப் பின்புறத் தையல்களுக்கு அடியில் நாலைந்து முறை நுழைத்து வெட்டினால் போதும்.

46 தையலிலும் மேலே வரும் கால் ஒரே திசையில் சாய வேண்டும். இரண்டு மூன்று மாறினால் கூட வெளிச்சம் படும்போது அந்தக் கட்டங்கள் வேறு நிறமாகத் தெரியும். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கேன்வாஸ் முழுதும் கரையும் வரை ஊற விடுங்கள். அரைகுறையாகக் கரைந்தால் காய்ந்ததும் பசை போட்டதுபோல் விறைக்கும்.

இடம்: இடது பையின் கீழ் வெளி மூலை, இரண்டு ஓரத்தில் இருந்தும் 1.5 செ.மீ. உள்ளே. பைக்குள் ஒரு கனமான அட்டையை வைத்துக்கொண்டு தையுங்கள். இல்லாவிட்டால் சட்டையும் சேர்ந்து தைபட்டு, பை திறக்காது. நிறம் சட்டையை விட இரண்டு படி அடர்த்தி. வெளிர் நீலச் சட்டைக்கு நேவி நீலம். சிவப்பு நூல் என்றால் முதலில் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று பாருங்கள்.

#4 மறுதொடக்கம்

இதே முறை டி-ஷர்ட்டுக்குச் சரிப்படுமா அக்கா?

#5 ஊசிமுனை

சரிப்படும் தம்பி, ஆனால் பனியன் துணி இழுபடும். பின்னால் ஒட்டு கேன்வாஸ் ஒரு துண்டு வைத்து இஸ்திரியால் ஒட்டிவிட்டுத் தையுங்கள். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், சதுரமாக விட்டால் மூலை உடம்பில் உறுத்தும், துவைத்ததும் அங்கிருந்துதான் உரியும். நூலை இறுக்காமல் துணி மேல் படுத்தால் போதும். நெஞ்சில் வேண்டாம், கீழ் மடிப்புக்கு 3 செ.மீ. மேலே வையுங்கள். அங்கே துணி அதிகம் இழுபடாது.

#6 லாம்ப்டா

கேமின் பெயரை விட்டுவிட்டு, கேமுக்குள் இருக்கும் நிறுவனத்தின் சின்னத்தை எடுப்பது இன்னொரு வழி. போர்ட்டலில் அபெர்ச்சர், ஹாஃப்-லைஃபில் பிளாக் மெசா, ரெசிடென்ட் ஈவிலில் அம்பிரெல்லா, ஃபைனல் ஃபேன்டசி 7-ல் ஷின்ரா. போலோ சட்டையின் இடது மார்பில் சின்னதாக வைத்தால் பார்ப்பவர்கள் அதை ஏதோ அலுவலகச் சீருடை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த வகைச் சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1998-ல் வந்த ஹாஃப்-லைஃபின் லாம்ப்டா என்ற கிரேக்க எழுத்து. காரணம், அது அலங்காரத்துக்குப் போட்ட எழுத்து அல்ல. கதிரியக்கச் சிதைவு மாறிலிக்கு இயற்பியலில் லாம்ப்டாதான் குறியீடு. அரை ஆயுட்காலம், அதாவது ஆங்கிலத்தில் ஹாஃப்-லைஃப், என்பது 0.693-ஐ அந்த மாறிலியால் வகுத்தால் வருவது. விளையாட்டின் பெயரும் சின்னமும் ஒரே சமன்பாட்டில் இருக்கின்றன. இயற்பியல் படித்தவரும் அதைத் தன்னுடைய சின்னமாகவே பார்ப்பார்.

அளவு சொல்கிறேன். எம், எல் அளவு போலோவுக்குக் கழுத்தோரத் தோள் தையலில் இருந்து 18 முதல் 20 செ.மீ. கீழே, நடுக்கோட்டில் இருந்து 10 செ.மீ. தள்ளிச் சின்னத்தின் மையம் வர வேண்டும். கடைகளில் 9 செ.மீ. அகலம் வரை போடுவார்கள். நமக்கு 3 முதல் 4 செ.மீ. போதும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். பின்னால் கிழித்தெடுக்கும் தாளை வைக்க வேண்டாம், ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு, சின்னத்துக்குப் பின்னால் அப்படியே நிற்கும் தாங்குதுணி வேண்டும். போலோவும் பின்னல் துணிதான், தாளைக் கிழித்த பிறகு தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது, நாலு துவைப்பில் சின்னம் சுருங்கிக் குழியாகும். இரண்டாவது, எழுத்து எதுவும் வேண்டாம். 5 மி.மீ.க்குக் குறைவான எழுத்து நூலில் அடைந்து போகும்.

சட்டையின் அதே நிறத்தில் ஒரு படி அடர்த்தியாக, கறுப்புச் சட்டை என்றால் கரும் சாம்பலாகத் தைப்பதுதான் என் தேர்வு. ரேயான் நூல் மினுங்கும், பளபளப்பில்லாத பாலியெஸ்டர் நூல் கேளுங்கள்.

#7 பனியன்_கம்பெனி

திருப்பூர் பக்கத்து வேலை விவரம் நான் சொல்றேனுங்க.

துணி: 24 கவுண்ட் நூல்ல (இங்க கவுண்ட்னா நூலோட பருமன் கணக்குங்க) சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம், பயோ வாஷ் பண்ணி மேல இருக்கற பஞ்சை எடுத்தது. 140, 150-க்கு இறங்குனா பிரிண்ட் போட்ட இடம் மட்டும் கனமாகி, மத்த துணி தொங்குமுங்க. லூசா போடுற பெரிய சைஸுக்கு 220, 240 நல்லா நிக்கும்.

பிக்சல் படத்துல முக்காவாசி பேர் கெடுக்கறது கோப்புலதான். 16 கட்டம் அகலப் படத்தை 8 செ.மீ.ல அச்சடிக்கணும்னா, 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்குல 945 பிக்சல் வரும். ஆனா 945-ஐ 16-ஆல வகுத்தா மீதி நிக்குது. 59 மடங்கு பெருக்கி 944-ஆ வெச்சுக்கோங்க. எப்பவும் முழு எண் மடங்குதான். இல்லீனா சில கட்டம் அகலமாவும் சில கட்டம் ஒல்லியாவும் வரும். பெருசாக்கும்போது நியரஸ்ட் நெய்பர் முறையைத் தேர்வு பண்ணணும், வேற எது போட்டாலும் ஓரம் மங்கும். பிஎன்ஜியா குடுங்க. ஜேபெக்கா குடுத்தா ஓரத்துல அழுக்குப் புள்ளி வருமுங்க, அதையும் சேர்த்தே மிஷின் அச்சடிக்கும்.

அச்சு வகை. அடர்நிற பருத்திக்கு டிஸ்சார்ஜ் பிரிண்ட் கேளுங்க. அது மேல மை பூசறதில்ல, துணியோட சாயத்தையே எடுக்குது. தடவுனா துணி மாதிரியே இருக்கும், வெடிக்காது. நீங்க கேட்ட அடக்கமான தோற்றத்துக்கு இதுதான் சரி. ஆனா ரியாக்டிவ் சாயம் போட்ட முழுப் பருத்தியா இருக்கணும். பாலியெஸ்டர் கலந்தா பாதிதான் நிறம் போகும். டர்க்காய்ஸ் மாதிரி சில நீலம் சரியா எடுபடாது. மொதல்ல ஒரு துண்டுல சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. வந்ததும் ஒரு தடவை துவைச்சுட்டுத்தான் போடணும், ரசாயன வாடை இருக்கும்.

ஒரே ஒரு டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போட்டா கட்டுபடியாகாது. அதுக்கு டிடிஎஃப், அதாவது படலத்துல அச்சடிச்சு சூட்டுல துணி மேல ஒட்டறது. 6, 8 செ.மீ. படத்துக்கு நல்லாருக்கும். நெஞ்சு முழுக்க ஒட்டுனா நம்ம வெயில்ல வேர்வை வெளிய போகாது. ஒட்டின படலத்தை ஆறுனப்புறம் உரிச்சுட்டு ரெண்டாவது தடவை அழுத்தச் சொல்லுங்க. அந்த ரெண்டாவது அழுத்தத்தைச் சோம்பல்ல விடறதாலதான் பல இடத்துல ஓரம் தூக்குது.

வினைல் வெட்டி ஒட்டறதுன்னா, ஒரு பிக்சல் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூலையில மட்டும் தொட்டுக்கிற கட்டங்க தனித்தனியா கழண்டுடும். அக்கா சொன்ன நண்டோட கொம்பு அப்படித்தான் இருக்குது. அந்த மூலைங்கள 0.3 மி.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வரைஞ்சுட்டா ஒரே துண்டா வரும்.

துவைக்கறப்ப உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சைத் தண்ணியில. கல்லுல அடிக்காதீங்க, பிரஷ் போடாதீங்க, நிழல்ல காயப்போடுங்க. எந்த அச்சுக்கும் இதுதானுங்க.

#8 நான்கு_துளை

துணி, அச்சு எதுவும் மாற்றாமல் இருக்கும் சட்டையிலேயே செய்யக்கூடியது ஒன்று. பொத்தானை வேறு மாதிரி தைப்பது.

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் பொத்தான்களில் இருக்கும் நான்கு குறிகளை வடிவமைத்தவர் டெய்யு கோட்டோ. முக்கோணம் பார்வைத் திசை, சதுரம் ஒரு தாள், வட்டமும் பெருக்கல் குறியும் ஆம், இல்லை. நிறங்கள்: முக்கோணம் பச்சை, வட்டம் சிவப்பு, பெருக்கல் நீலம், சதுரம் இளஞ்சிவப்பு. நான்கு துளைச் சட்டைப் பொத்தானில் நூல் போகும் பாதையை மாற்றினால் இவற்றை வரையலாம்.

பெருக்கல் குறி எல்லோரும் தைப்பதுதான். துளைகள் சதுரமாக நேராக நிற்க வேண்டும், பொத்தான் திரும்பினால் அது கூட்டல் குறி. சதுரத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை முதலில் தைத்து, பிறகு மற்ற இரண்டு. முக்கோணத்துக்குப் பொத்தானை 45 பாகை திருப்பிப் பிடியுங்கள். ஒரு துளை உச்சியில், ஒன்று இடம், ஒன்று வலம். இந்த மூன்றை மட்டும் இணைத்து, கீழ்த் துளையைக் காலியாக விட்டால் செங்கோணம் மேலே வந்து இருசமபக்க முக்கோணமாகத் தெரியும்.

எம்பிராய்டரி நூல் வேண்டாம், பொத்தான் துளையின் ஓரம் அதை அறுத்துவிடும். 40 நம்பர் பாலியெஸ்டர் தையல் நூலை இரட்டையாக, ஒரு பக்கத்துக்கு மூன்று சுற்று. பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு குண்டூசியை வைத்துத் தைத்துவிட்டு, ஊசியை எடுத்ததும் கிடைக்கும் இடைவெளியில் நூலை நாலைந்து முறை சுற்றிக் கழுத்து கட்டுங்கள். கழுத்து இல்லாவிட்டால் பொத்தான் போடும்போது துணி இழுத்து, முக்கோணம் சாய்ந்துவிடும்.

இரண்டாவது பொத்தானில் இருந்து ஐந்தாவது வரை: முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம்.

#9 மறுதொடக்கம்

வட்டத்தை நான்கு துளையில் எப்படித் தைப்பது?

#10 நான்கு_துளை

தைக்க வேண்டாம். பொத்தானே வட்டம்தானே. அந்த ஓர் இடத்தில் மட்டும் துளை தெரியாத, பின்னால் காது வைத்த பொத்தானைப் போடுங்கள், மற்றவற்றின் அதே விட்டத்தில். சட்டைப் பொத்தான் பொதுவாக 11.5 மி.மீ. பெரியதை வாங்கினால் பழைய காஜாவுக்குள் போகாது.

நான்கு நிறமும் கண்ணைக் குத்துகிறது என்றால் வெள்ளைச் சட்டையில் நான்கையும் சாம்பல் நூலால் தையுங்கள். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரிலேயே குறிகளுக்கு அந்த நிறங்கள் கிடையாது, அதனால் இதுவும் பிழையில்லை.

#11 எட்டுபிட்_எழில்

கடிகாரம் யாரும் தொடலையே. 2021-ல கேசியோ ஒரு பேக்-மேன் பதிப்பு விட்டாங்க, ஏ100 வரிசையில. நல்லாத்தான் இருக்கு, ஆனா முகப்புல படம் இருக்கு. எனக்குப் படமே இல்லாத சாதா ஏ100 போதும். அதோட தாய் வடிவமான எஃப்-100 வந்தது 1978, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்த அதே வருஷம். எஃப்-91டபிள்யூ வந்தது 1989, கேம் பாய் வருஷம். சாம்பல் சட்டைக்கு எஃப்-91டபிள்யூ, நண்டு சட்டைக்கு ஏ100.

உலோகப் பின் வாங்கறவங்க ஹார்ட் எனாமல் பாருங்க. தேய்ச்சு சமமாக்கியிருப்பாங்க, நிறமும் உலோகக் கோடும் ஒரே மட்டத்துல நகை மாதிரி இருக்கும். சாஃப்ட் எனாமல்ல நிறம் பள்ளத்துல நிக்கும், அழுக்கு சேரும். 2.5 செ.மீ.க்கு மேல இருந்தா பின்னால ரெண்டு முள் வேணும், ஒண்ணுன்னா சுத்திக்கிட்டே இருக்கும். ரப்பர் மூடி கழண்டு விழும், பூட்டு மூடி தனியா வாங்கிக்கோங்க. பனியன் துணியில குத்தாதீங்க, ஓட்டை நிரந்தரம். டெனிம், பை வார், கோட் காலர் இதெல்லாம் தாங்கும்.

#12 லாம்ப்டா

நின்டெண்டோவின் செல்டா கேம் ரசிகர்களுக்கு: அதில் வரும் மூன்று முக்கோண டிரைஃபோர்ஸ் வடிவம் ஜப்பானின் ஹோஜோ குலத்தின் மிட்சுஉரோகோ என்ற மூன்று செதில் சின்னத்தை அப்படியே ஒத்தது. செல்டா வந்தது 1986, அந்தச் சின்னம் பல நூற்றாண்டுப் பழசு. உரோகோ என்ற முக்கோணச் செதில் அச்சு ஜப்பானியப் பருத்திக் கைத்துண்டுகளில் இன்றும் வருகிறது. கேம் கடைக்கே போகாமல் அதைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். நடு முக்கோணம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டெட்ரிஸ் டை, சாக்ஸ் வாங்குபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழே வடிவம், ஒவ்வொன்றிலும் நான்கே கட்டம். ஐந்து கட்டத் துண்டு ஒன்றை நுழைத்த மலிவுச் சரக்கு நிறைய இருக்கிறது. நிறமாக இருந்தால் நீளத் துண்டு வெளிர் நீலம், சதுரம் மஞ்சள், டி வடிவம் ஊதா. அலுவலகத்துக்கு நிறமே வேண்டாம் என்பது என் கருத்து. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் முதலில் எழுதியது எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில், அதில் வரைகலை கிடையாது, அடைப்புக்குறிகளைச் சேர்த்துத்தான் கட்டம் காட்டினார். சாம்பலில் சாம்பலாக நெய்த டைதான் மூலத்துக்கு நெருக்கம். நெய்த வடிவமாக இருக்கட்டும், அச்சு டை முடிச்சுப் போடும் இடத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

ஒன்று கவனம்: சொந்த உபயோகத்துக்குச் செய்வது வேறு. இந்தச் சின்னங்களில் பலவும் பதிவு பெற்றவை, அவற்றைச் செய்து விற்கத் தொடங்கினால் உரிமம் வேண்டும்.

#13 கடைசி_லெவல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பொத்தானும் நண்டும் செய்யப் போகிறேன். கூடவே கஃப்பின் உள்பக்கத்தில் கொனாமி கோட், அதாவது கொனாமி நிறுவன கேம்களின் ரகசியப் பொத்தான் வரிசையைத் தைக்கலாம் என்று எண்ணம், கையை மடித்தால் மட்டும் தெரியும்படி. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், ஏ, பி. எவ்வளவு இடம் பிடிக்கும்?

#14 ஊசிமுனை

கடைசி இரண்டு பி, ஏ. மாற்றித் தைத்துவிடாதீர்கள். 1986-ல் கிரேடியஸ் என்ற கேமை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க வசதியாகக் கசுஹிசா ஹஷிமோட்டோ வைத்த வரிசை அது.

பத்துக் குறிகள், ஒவ்வொன்றும் 8 மி.மீ., நடுவில் 4 மி.மீ. இடைவெளி என்றால் 116 மி.மீ. கஃப் சுற்றளவு 24 செ.மீ. அளவில் இருக்கும், பாதி போதும். ஒரு அம்புக்கு மூன்று நேர்த்தையல்: தண்டு 7 மி.மீ., முனைக்கு 3 மி.மீ. இரண்டு. ஒற்றை இழை. கஃப் இரண்டு அடுக்கு, நடுவில் கேன்வாஸ். ஊசி உள் அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும், வெளியே ஒரு புள்ளி கூடத் தெரியக் கூடாது.

கஃப்பை மடித்ததும் உள்பக்கம் தலைகீழாகத் திரும்பும். மணிக்கட்டுப் பக்க ஓரம் முழங்கையைப் பார்க்கும். அதனால் அந்த ஓரத்தை மேலே வைத்துக்கொண்டு தையுங்கள். வழக்கம்போல் கீழே வைத்துத் தைத்தால் மடித்த பிறகு வரிசை பின்னிருந்து தொடங்கும், அம்புகளும் எதிர்த்திசை காட்டும். தொடுவதற்கு முன் பென்சிலால் ஒரு மேல் அம்பு போட்டு, மடித்துப் பார்த்துவிடுங்கள்.